எதை எண்ணுவது? மலையகக் கவிதைப் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் மலையகப் பாடசாலை மாணவர்களுக்காகக் கவிதைப் போட்டி நடத்தும் குழுவினருக்கும் அதன் நடுவர்களுக்கும்,

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

உங்கள் போட்டியில் ஹைக்கூ என்ற யப்பானிய மூவடிக் கவிதைப் பிரிவுக்கான அறிவித்தலில், முதலடி 5 எழுத்து, இரண்டாமடி 7 எழுத்து, மூன்றாமடி 5 எழுத்து என்று ஒரே வரியில் விதி சொல்லப்பட்டிருக்கிறது. எந்த எழுத்தை எண்ண வேண்டும், எதை விட வேண்டும் என்பது அந்த அறிவித்தலில் எங்கும் இல்லை. கொழுந்து 18 என்று பேரேட்டில் எழுதிவிட்டு, அது றாத்தலா கிலோவா என்பதைச் சொல்லாமல் விட்டால் எந்த மலையிலும் சண்டை வரும். உங்கள் விதியும் அப்படித்தான் நிற்கிறது. எண் இருக்கிறது, அலகு இல்லை. அந்த இடைவெளியில் நடுவர்கள் தாமாக ஓர் அலகை வைத்துக்கொண்டு எண்ணியதால் நல்ல கவிதைகள் வெளியே தள்ளப்பட்டிருக்கின்றன என்பதே இம்மடலின் முறைப்பாடு. உங்கள் குழுவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதே பழக்கம் வேறு சில இடங்களிலும் இருப்பதால், உங்களை மட்டும் சுட்டுவது நியாயமாகாது.

எங்கள் பாடசாலையின் தரம் 10 மாணவி ஒருவர் அனுப்பிய கவிதை இது:

கூடையில் மழை
நிறுவையில் கழித்தார்
அம்மா நனைந்தாள்

திருப்பி அனுப்பப்பட்ட தாளில், அடிகளின் ஓரத்தில் பென்சிலால் 6, 10, 8 என்று எழுதப்பட்டு, கீழே “விதி மீறல்” என்று குறிக்கப்பட்டிருந்தது. அந்த எண்கள் எப்படி வந்தன என்பதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. நடுவர் புள்ளி வைத்த எழுத்தையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணியிருக்கிறார். ‘கூடையில்’ என்பதன் ஈற்று லகர மெய்யும், ‘கழித்தார்’ என்பதன் தகர, ரகர மெய்களும், ‘அம்மா’வின் மகர மெய்யும் அவருடைய கணக்கில் தனித்தனி எழுத்துகள். உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ணிப் பாருங்கள். கூ, டை, யி, ம, ழை என்று முதலடியில் 5. நி, று, வை, யி, க, ழி, தா என்று இரண்டாமடியில் 7. அ, மா, ந, னை, தா என்று மூன்றாமடியில் 5. விதியை மீறாதது மட்டுமன்று, விதியை அச்சொட்டாகக் காத்த கவிதை அது. மழை நாளில் ஈரக் கொழுந்துக்கென்று எடை கழிப்பதைப் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளையால்தான் அந்த நடு அடியை எழுத முடியும். கழிக்கப்பட்ட நீருக்குக் கணக்கு இருக்கிறது, நனைந்த ஆளுக்குக் கணக்கில்லை என்பதைப் பதினேழு எழுத்தில் சொல்லிய அந்தக் கவிதை எண்ணிக்கையில் தோற்றது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இது ஒரு கவிதைக்கு நேர்ந்த தீங்கு மட்டுமானால் ஒரு கடிதத்தோடு விட்டிருப்பேன். உங்கள் எண்ணும் முறை பிள்ளைகளின் சொற்களையே மாற்றிவிடுகிறது என்பதால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். தோட்டத்துச் சொற்களில் மெய்யெழுத்து மிகுதி. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து என்பது வாய்க்கு மூன்று எழுத்து, உங்கள் கணக்கில் ஐந்து. முதலடி அதோடு முடிந்துவிடும். கொழுந்து பறிக்கும் மட்டத்தைக் காட்டும் மட்டக்கம்பு வாய்க்கு நான்கு எழுத்து, உங்கள் கணக்கில் ஏழு. அந்த ஒரே சொல் நடு அடி முழுவதையும் விழுங்கிவிடும். கொழுந்து, பெரட்டு (காலை ஆட்கணக்கு), படங்கு (இடுப்பில் கட்டுவது) எல்லாம் இப்படியே கனத்துப்போகும். நுவரெலியா என்று ஊர்ப்பெயரை வைத்து ஐந்தெழுத்து அடி எழுதலாம், ஏனென்றால் அதில் புள்ளி எழுத்தே இல்லை. தலவாக்கலையும் வாய்க்கு ஐந்தே எழுத்துத்தான், ஆனால் அதில் ஒரு ககர மெய் இருப்பதால் உங்கள் போட்டியில் அந்த ஊர் முதலடிக்குள் நுழைய முடியாது. விளைவு என்ன? நிலா, மலர், இதய வலி, விழி ஈரம் என்று மெய் குறைந்த மென்சொற்களை நோக்கிப் பிள்ளைகள் நகர்கிறார்கள். தாம் பிறந்து வளர்ந்த மலையின் சொல் எதுவும் இல்லாத கவிதைகள் அங்கிருந்துதான் வருகின்றன. அவற்றைப் படித்துவிட்டு மாணவர்களிடம் சொந்த அனுபவம் இல்லையென்று நடுவர் உரையில் குறைப்படுவதும் உண்டு.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. தேயிலைக் கொழுந்து என்று எழுதினால் உங்கள் கணக்கில் எட்டு எழுத்து. வல்லினம் மிகாமல் ‘தேயிலை கொழுந்து’ என்று பிழையாக எழுதினால் ஏழு. நடு அடி சரியாக அமைந்துவிடும்! மலைச் சாரலைவிட ‘மலை சாரல்’ ஓர் எழுத்து மலிவு. பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வகுப்பில் நாங்கள் சந்தி சொல்லிக் கொடுக்க, உங்கள் போட்டி சந்தியை விட்டவருக்குப் பரிசு கொடுக்கிறது. புள்ளி எழுத்துக்காகப் புள்ளி இழக்கும் இந்த நிலை, தமிழை வளர்ப்பதற்காக நடத்தப்படும் ஒரு போட்டிக்குப் பொருந்துமா என்று யோசியுங்கள்.

செய்யுளில் எழுத்தை எப்படி எண்ணுவது என்பது இன்று புதிதாக எழுந்த கேள்வியன்று. தொல்காப்பியச் செய்யுளியல் அதற்கு நேரடியாகவே விடை சொல்லியிருக்கிறது. “உயிரில் லெழுத்தும் எண்ணப் படாஅ” என்பது அதன் விதி. உயிர் இல்லாத எழுத்துக்குத் தனியே இயங்கும் ஆற்றல் இல்லை என்று காரணத்தையும் அந்த நூற்பாவே கூறுகிறது. மெய்யெழுத்து தாளில் ஓர் இடத்தைப் பிடிக்கிறது. வாயிலோ முன்னாலுள்ள உயிரோடு ஒட்டிக்கொண்டுதான் ஒலிக்கிறது. எண்ண வேண்டியவர் காதால் எண்ண வேண்டும், கண்ணால் அன்று.

அதே செய்யுளியல், எழுத்தை எண்ணியே அடிகளுக்குப் பெயரும் வைக்கிறது. 4 முதல் 6 எழுத்து வரை குறளடி, 7 முதல் 9 வரை சிந்தடி, 10 முதல் 14 வரை அளவடி, 15 முதல் 17 வரை நெடிலடி, 18 முதல் 20 வரை கழிநெடிலடி. இப்போது ஹைக்கூவின் 5, 7, 5 என்ற வடிவத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். குறளடி, சிந்தடி, குறளடி என்று அது மிக இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது. யப்பானிலிருந்து வந்த வடிவம் என்பதற்காக அதைத் தமிழ் யாப்பின் வெளியே நிறுத்தி, அதற்கென்று புதிதாக ஓர் எண்ணும் முறையை நாம் உண்டாக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

எழுத்தெண்ணிப் பாடும் வழக்கம் தொல்காப்பியத்தோடு நின்றுவிடவுமில்லை. கட்டளைக் கலித்துறை என்ற நாலடிப் பாவகையில் நேரசையில் (ஓரெழுத்து அசை) தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் (ஈரெழுத்து அசை) தொடங்கும் அடிக்கு 17 எழுத்து, ஒற்று, அதாவது மெய்யெழுத்து, நீக்கி எண்ண வேண்டும் என்பது யாப்புப் படித்த எவரும் அறிந்த விதி. நவராத்திரிக் காலத்தில் கோயில்களில் ஒலிக்கும் அபிராமி அந்தாதியின் நூறு பாடல்களும் இந்த யாப்பில் அமைந்தவையே. “உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்” என்ற முதலடியை எடுத்துக்கொள்ளுங்கள். உதிக்கின்ற 4, செங்கதிர் 3, உச்சித் 2, திலகம் 3, உணர்வுடையோர் 5, மொத்தம் 17. நிரையில் தொடங்கிய அடி. “பூத்தவளே புவனம் பதினான்கையும் பூத்தவண்ணம்” என்ற அடியோ நேரில் தொடங்குகிறது. எண்ணினால் 4, 3, 5, 4 என்று 16 வரும். ஓர் எழுத்துக் கூட மிஞ்சாமல் இப்படி வருவது தற்செயலன்று. இதில் எனக்குப் பிடித்த ஒரு பொருத்தமும் உண்டு. ஒரு முழு ஹைக்கூவின் எழுத்துத் தொகையும் நிரையில் தொடங்கும் ஒரு கலித்துறை அடியின் எழுத்துத் தொகையும் ஒன்றே. அந்த மாணவியின் மூன்று அடிகளும் சேர்ந்து அபிராமி பட்டரின் ஓர் அடியளவு.

உங்கள் நடுவர்களில் ஒருவர் அசையை எண்ணலாமே என்று கூறியதாகவும் கேள்விப்பட்டேன். அதுவும் பொருந்தாது. நேரசையில் ஒற்று நீங்கலாக ஓர் எழுத்து இருக்கும், நிரையசையில் இரண்டு இருக்கும். ஆகவே ஐந்து அசை என்பது ஐந்து எழுத்தாகவும் இருக்கலாம், பத்து எழுத்தாகவும் இருக்கலாம். ‘அம்மா நனைந்தாள்’ என்பதில் எழுத்து ஐந்து, அசையோ நான்கு. ஹைக்கூவின் இறுக்கம் அசைக் கணக்கில் தளர்ந்துவிடும்.

யப்பானியரே மெய்யை எண்ணுகிறார்களே என்று சிலர் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானது, விடையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். யப்பானியர் எண்ணுவது தம் மொழியின் ஒலி அலகை. நிப்பொன் என்ற நாட்டுப்பெயர் அவர்களுக்கு நான்கு அலகு: நி ஒன்று, இடையில் வரும் அழுத்தம் ஒன்று, பொ ஒன்று, ஈற்று னகர ஒலி ஒன்று. டோக்கியோவும் அவர்களுக்கு நான்கு அலகுதான், ஏனென்றால் அதிலுள்ள இரண்டு நெடிலும் இரண்டிரண்டாக எண்ணப்படும். அவர்கள் மொழியில் அந்த ஈற்று னகரம் ஒரு முழு அலகு நேரத்தை எடுத்துக்கொண்டு ஒலிக்கிறது, அதனால் எண்ணப்படுகிறது. தமிழில் மெய்க்கு அரை மாத்திரை மட்டுமே. மெய்யை எண்ணுவதில் அவர்களைப் பின்பற்ற வேண்டுமென்றால் நெடிலை இரண்டாக எண்ணுவதிலும் பின்பற்ற வேண்டும். உங்கள் நடுவர் அதைச் செய்யவில்லை. ‘கூ’ அவருக்கும் ஒன்றுதான். ஆகவே அவர் எண்ணியது யப்பானிய முறையும் அன்று, தமிழ் முறையும் அன்று.

யப்பானியக் கவிஞர் மட்சுவோ பாஷோ 1686இல் எழுதிய தவளைக் கவிதை ஃபு-ரு-இ-கெ-ய, க-வ-ஸு-தொ-பி-கொ-மு, மி-ஸு-நொ-ஒ-தொ என்று 5, 7, 5 ஆகவே நடக்கிறது. அதே பாஷோவின் புகழ்பெற்ற காகக் கவிதையில், வாடிய கிளையில் காகம் வந்தமர்ந்ததைச் சொல்லும் நடு அடி ஏழுக்குப் பதிலாக ஒன்பது அலகு கொண்டது. அலகு மிகுவதற்கு அவர்களிடம் ஜி-அமரி என்று தனிப்பெயரே இருக்கிறது. பாஷோவுக்கே அளவு மிஞ்சியது என்பதால் பிள்ளைகளுக்கும் விதி வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. ஓர் எழுத்துக் கூடினாலோ குறைந்தாலோ கவிதையைப் படிக்காமலே ஒதுக்குவது, அந்த வடிவத்தை உருவாக்கியவர்களிடமே இல்லாத கடுமை என்கிறேன். ஓரிரு புள்ளி குறையுங்கள், போட்டியை விட்டு விலக்காதீர்கள்.

நம் பிள்ளைகள் இரண்டாம் மொழியாகக் கற்கும் சிங்களத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. சிங்களக் கவிதையில் மிகப் பரவலான சமுத்திரகோஷ விருத்தத்தில் அடிக்கு 18 மாத்திரை. குறில் ஒன்று, நெடில் இரண்டு என்று மாத்திரையைத்தான் அங்கே எண்ணுகிறார்கள், எழுத்தையன்று. ஒரே மலையில், ஒரே பஸ்ஸில் போய்வரும் இரு மொழிக்காரர் வெவ்வேறு அலகால் அளக்கிறார்கள். இரு பக்கமும் அலகு முதலில் தீர்மானிக்கப்பட்ட பிறகே எண் வருகிறது.

ஹைக்கூவுக்கு எழுத்துக் கணக்கே தேவையில்லை, மூன்று அடியும் ஒரு காட்சியும் போதும் என்பது தமிழில் இன்று பெரும்பாலோர் கொண்டுள்ள கருத்து. ஹைக்கூவைப் பற்றிப் பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் எழுதிய காலம் முதல் இன்றுவரை அதன் சுருக்கத்தைத்தான் பெரும்பாலும் போற்றி வந்திருக்கிறோம். அந்தக் கருத்தோடு எனக்குப் பகையில்லை. நீங்கள் அந்தப் பக்கம் நிற்பதானால் எண்ணை எடுத்துவிடுங்கள். ஆனால் மாணவர்க்கு எண்ணிக்கை வேண்டும் என்பதே என் கட்சி. பதினைந்து வயதில் ஒரு பிள்ளை ஓர் எழுத்தைக் குறைப்பதற்காக நான்கு சொல்லை மாற்றிப் பார்க்கும்போது, அதுவரை அவர் கவனிக்காத சொற்கள் அவர் கைக்கு வருகின்றன. ‘கழித்துவிட்டார்கள்’ என்று முதலில் வரும். அது நீளம் என்று தெரியும். ‘கழித்தனர்’ என்று மாறும். அதில் அறிவித்தல் வாடை அடிப்பது தெரிந்து ‘கழித்தார்’ என்று நிற்கும். இந்தத் தேடலை உரைநடையை மூன்றாக உடைத்து எழுதும் பழக்கம் கற்றுத் தராது.

இந்த மலைகளின் சொந்தப் பாட்டிலும் இந்தக் கணக்கு இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு, சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுக்கத் தொடங்கியதால் அழியாமல் எஞ்சியுள்ள மக்கள் பாடல்களைச் சொல்கிறேன். மலையகத்தில் பலரும் அறிந்த பாட்டு ஒன்று, பாடுவோருக்கேற்பச் சொல் சிறிது மாறினாலும், இப்படி வரும்:

கூனி அடிச்ச மலை
கோப்பிக் கன்னு போட்ட மலை
அண்ணனைத் தோத்த மலை
அந்தா தெரியுது பார்

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை நட்டதற்கும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியதற்கும் முந்திய உலகத்தின் நினைவு அந்த இரண்டாமடியில் நிற்கிறது. உங்கள் முறைப்படி எண்ணினால் இந்த அடிகள் 8, 12, 10, 9 என்று ஏறுக்குமாறாக வரும்; அளவே தெரியாதவர் கட்டிய பாட்டு என்று தோன்றும். ஒற்றை விட்டுவிட்டு எண்ணுங்கள்: 7, 8, 7, 7. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் யாப்பு நூல் எதையும் தொடாமல் கட்டிய பாட்டாக இருக்கலாம். அவர் காது சிந்தடியை விட்டு விலகவேயில்லை. நான்கு அடியும் தொல்காப்பியர் சொன்ன 7 முதல் 9 என்ற எல்லைக்குள் நிற்கின்றன. தாலாட்டும் ஒப்பாரியும் எல்லாம் இப்படியே எண்ணில் நிற்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றில் பாடுபவர் மூச்சுக்கேற்ப அடி நீளும், குறையும். ஆனால் இந்தப் பாட்டைக் கரும்பலகையில் எழுதி, மேசையில் தட்டி எண்ணச் சொன்னால் பிள்ளைகளுக்கு எழுத்தெண்ணும் விதி உடனே பிடிபடும். அட்டன் 2, மஸ்கெலியா 4, தலவாக்கலை 5, பொகவந்தலாவை 6 என்று ஊர்ப்பெயர்களைத் தட்டிப் பார்ப்பதும் அதே அளவு பயனுள்ளது.

ஆகவே என் கோரிக்கைகளை முன்வைக்கிறேன். அடுத்த அறிவித்தலில், “உயிரும் உயிர்மெய்யும் மட்டுமே எண்ணப்படும், புள்ளியிட்ட மெய்யும் ஆய்தமும் எண்ணப்படா” என்ற ஒரு வரியைச் சேருங்கள். கொழுந்து, பெரட்டு போன்ற சொற்களின் ஈற்றில் வரும் குற்றியலுகரத்தை எண்ணுவதா விடுவதா என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிடுங்கள். மாணவர் எழுதும் கவிதைக்கு எண்ணிவிடுவதே எளிது என்பது என் எண்ணம், ஆனால் நீங்கள் வேறு முடிவு எடுத்தாலும் அது முன்கூட்டித் தெரிந்திருந்தால் போதும். விதியோடு எண்ணிக் காட்டிய ஒரு மாதிரிக் கவிதையையும் அச்சிடுங்கள். நடுவர்கள் கவிதையை வாய்விட்டுப் படித்து எண்ணட்டும். சந்திப் பிழையால் எழுத்துச் சேமித்த கவிதைக்குப் புள்ளி குறையுங்கள்.

உயர்தர மாணவர்க்குக் கட்டளைக் கலித்துறைக்கு ஒரு தனிப் பிரிவும், கீழ்வகுப்பினர்க்கு ஏழெழுத்து அடியில் நாலடிப் பாட்டுக்கு ஒரு பிரிவும் தொடங்கலாம் என்பதையும் பரிசீலியுங்கள். முதலாவதற்கு விண்ணப்பங்கள் குறைவாக வரும் என்பது தெரிந்ததே. ஐந்து சீரும் வெண்டளையும் எழுத்துக் கணக்கும் ஒருங்கே அமைவது எளிதன்று. முதல் ஆண்டில் நான்கு பேர் எழுதினாலும் அந்த நால்வருக்கும் யாப்பு வந்துவிடும். இரண்டாவதற்குப் பேச்சுமொழியை அனுமதியுங்கள். ‘தோத்த’, ‘அடிச்ச’ என்று எழுதியதற்காகப் பிழை போடாதீர்கள்.

கடந்த போட்டியின் முடிவை மாற்றும்படி நான் கேட்கவில்லை; பரிசு பெற்ற பிள்ளைகள் தமக்கு அறிவிக்கப்பட்ட விதியை நம்பி எழுதியவர்கள். ஆனால் ‘விதி மீறல்’ என்று குறித்துத் திருப்பி அனுப்பப்பட்ட கவிதைகளை ஒற்று நீக்கி மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்து, 5, 7, 5 சரியாக நிற்பவற்றின் ஆசிரியர்களுக்கு அந்தக் குறிப்பு விலக்கப்பட்டதாக அவரவர் பாடசாலை முகவரிக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த போட்டிக்கான அறிவித்தல் அச்சுக்குப் போகுமுன் இம்மடலுக்கு உங்கள் பதிலையும் வெளிப்படையாகவே எதிர்பார்க்கிறேன்.

இவ்வண்ணம்,
மலையகத் தமிழாசிரியர் ஒருவர்